பழைய நேரமோ, புதிய நேரமோ?

கொம்பியூட்டரின் மணி பிழைத்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று பலர் நினைப்பார்கள். உள்ளே இருக்கும் நாணயம் அளவு பற்றரி செத்து, திகதி சில வருடம் பின்னால் போனால் தெரியும். பாதுகாப்புச் சான்றிதழின் திகதி பொருந்தாமல் வங்கியின் பக்கமே திறவாது. மார்க்கத்தில் எங்கள் வீட்டுப் பழைய கொம்பியூட்டருக்குப் போன மாதம் அதுதான் நடந்தது. புதுப் பற்றரி போட்டு, இணையத்தில் நேரத்தைச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினேன். உடனே மணி சரி.

"எப்பிடி அப்பா?" என்றாள் மகள்.

கொம்பியூட்டர் இணையத்தில் ஒரு நேர வழங்கியிடம் மணி கேட்கும். கேள்வி போன நேரத்தையும் பதில் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். போய்வர எடுத்த நேரத்தில் பாதியைக் கூட்டித் தன் மணியைத் திருத்தும். அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் 1980களில் வகுத்த முறை இது.

சிபிசி வானொலி 1939 முதல் நாள்தோறும் ஒட்டாவா தேசிய ஆராய்ச்சிச் சபையின் நேர ஒலியை ஒலிபரப்பியது. 2023 ஒக்ரோபரில் அதை நிறுத்தினார்கள். செய்மதி, இணையம் என்று பல வழியாலும் போகும் ஒலி, ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவு பிந்திக் கேட்டதே காரணம். அந்தப் பிந்தலைத்தான் கொம்பியூட்டர் தானே அளந்து கழிக்கிறது.

ஆனால் வழங்கி தருவது உலகப் பொது நேரம் மட்டும். மார்க்கத்தில் எத்தனை மணி, யாழ்ப்பாணத்தில் எத்தனை மணி என்பதைக் கொம்பியூட்டர் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்துத்தான் சொல்லும். அந்தப் பட்டியலை மாற்றுவது அரசாங்கங்கள்.

இலங்கை 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணியை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணி பின்வாங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் மாறாமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரு தீவில் இரண்டு மணி.

2002இல் பாதை திறந்தபின், மாமா வன்னியிலிருந்து ஓமந்தை தாண்டி வவுனியாவுக்கு வந்து, ஒரு ரெலிபோன் கடையில் எங்கள் அழைப்புக்குக் காத்திருப்பார். கதைத்து முடியும்போது அம்மா அடுத்த நாளைக் குறிப்பா. "தம்பி, பத்து மணி எண்டால் பழைய நேரமோ, புதிய நேரமோ?" புதிய நேரமென்றால் கோடைகாலத்தில் இங்கே நள்ளிரவு 12, பழையதென்றால் பன்னிரண்டரை. கேட்காமல் விட்டால் ஒருவர் அரை மணி காத்திருக்கவேண்டும். கடைசி பஸ்ஸை நினைத்து மாமா போய்விட்டால், அடுத்த கதை இன்னும் ஒரு மாதத்துக்குப் பிறகு.

2006 ஏப்ரல் 15இல் இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பியது. பட்டியல் புதுப்பிக்கப்படாத கொம்பியூட்டர்கள், இணையத்தில் செக்கன் பிசகாமல் சரிசெய்த பிறகும், ஊர் நேரத்தை அரை மணி கூட்டியே காட்டின.

உங்கள் கொம்பியூட்டரிலும் இரண்டையும் பாருங்கள்: நேரம் தானாகச் சரியாகிறதா, புதுப்பிப்புகள் ஏறியிருக்கின்றனவா. ஊருக்கென்று இரண்டாவது மணிக்கூடும் வைக்கலாம். இங்கே கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அதை அது தானே பார்த்துக்கொள்ளும். அம்மாவுக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஊரிலிருந்து யாராவது நேரம் குறித்தால், அவ முதலில் கேட்பது அதே கேள்விதான்.