பேரம் பேசாத மீன்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலைகள் உண்டு. கடைக்காரர் சொல்லும் விலை ஒன்று. அம்மா கொடுக்கும் விலை மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையே மிஞ்சுகின்ற காசில்தான் நானும் தம்பியும் படித்து வந்திருக்கிறோம்.

பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் நகரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் எங்களுக்குச் சொந்தமானது என்று பொருளல்ல; நாங்கள்தாம் தோட்டத்துக்குச் சொந்தமானவர்கள். அப்பா குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறார். இந்நாட்டில் செம்பனையை வாணிப நோக்கில் முதன்முதலாகப் பயிரிட்டது 1917ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் பக்கமுள்ள தென்னமரம் தோட்டத்தில். எங்கள் தோட்டத்தில் தாத்தா காலம் வரை ரப்பர்தான். பிறகு செம்பனை வந்தது. பால்வாளி தூக்கிய தோள்கள் குலை தூக்கப் பழகிக்கொண்டன.

விடியற்காலை நான்கரைக்கு அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார். அப்பா வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டுவார். உயரமான மரமென்றால் நீண்ட கம்பின் முனையில் அரிவாளைப் பொருத்தி, அண்ணாந்து பார்த்து, மட்டையை வெட்டிக் குலையை இழுக்க வேண்டும். விழுந்த குலையை முள் குத்தாமல் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். முற்றிய மரத்தின் குலை 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. சராசரி 15 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், நாளைக்கு 100 குலை என்றால் ஒன்றரை டன். அத்தனை பாரத்தை ஒரு மனிதர் ஒரே நாளில் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குத் தூக்குகிறார். அப்பா இந்தக் கணக்கை ஒரு நாளும் போட்டதில்லை. குலைக்கு இத்தனை காசு என்று மண்டோர் எழுதும் கணக்கை மட்டுமே அவர் பார்ப்பார்.

பிற்பகலில் வேலை முடிந்து குளித்து வந்ததும் மின்னல் பண்பலையில் பழைய பாடல்கள் ஒலிக்க, இருவரும் வீட்டு முன்புறத்தில் உட்கார்ந்து தங்கள் அடுத்த வேலையைத் தொடங்குவார்கள். அதுதான் மலிவு வேட்டை. பேரங்காடிகளின் விளம்பரத் தாள்களை அம்மா ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருப்பார். எந்தக் கடையில் வெங்காயம் எவ்வளவு, சவர்க்காரத்தூளுக்கு எங்கே மலிவு விற்பனை, எது உண்மையான தள்ளுபடி, எது விலையை ஏற்றிவிட்டுக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி என்று அவர் சொல்லச் சொல்ல, என்னுடைய பழைய பள்ளிக் குறிப்பேட்டில் அப்பா எழுதிக்கொள்வார். சனிக்கிழமை மோட்டாரில் புறப்படுவார்கள்.

இரவுச் சந்தைக்கு ஒன்பது மணிக்குப் பிறகுதான் போக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அப்போதுதான் காய்கறிக்காரர்கள் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்குவார்கள். "லெலோங், லெலோங்" என்ற கூவல் கேட்கும். அம்மா "போலே கூராங்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே அடுத்த கடையைப் பார்த்து இரண்டடி நடப்பார். அந்த இரண்டடிக்கு ஒரு வெள்ளி குறையும். அப்பாவுக்குப் பேரம் பேச வராது. பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பதே அவர் பங்கு.

ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய்க்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. விலை 2 ரிங்கிட் 50 சென். கடையில் ஓர் ஆளுக்கு இத்தனை பாக்கெட்தான் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். உடனே அம்மாவும் அப்பாவும் முன்பின் தெரியாதவர்களைப் போல் இரண்டு வரிசைகளில் போய் நிற்பார்கள். இருபத்தாறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் பாராமல் நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். செம்பனைக் குலையை வெட்டித் தருகிறவர், அதிலிருந்து வரும் எண்ணெய்க்காக வரிசை பிடித்து நிற்கிறாரே என்று நினைக்கும்போது சிரிப்பு நின்றுவிடும்.

2023ஆம் ஆண்டின் கடைசியில் அப்பாவின் அடிவயிற்றில், வலப்பக்கம், ஒரு சிறு வீக்கம் தோன்றியது. இருமினால் புடைக்கும், படுத்தால் அடங்கும். "வாயுதான்" என்று சொல்லிப் பூண்டு தின்றார். குலை தூக்கும் முன் இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டார். அந்தத் துணியைத் துவைக்கும்போதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்கக் கிளினிக்கில் காட்டினார்கள். குடலிறக்கம் என்றார் மருத்துவர். வயிற்றுச் சுவரின் தசை பலவீனமான இடத்தில் விலகி, உள்ளே இருக்க வேண்டிய குடல் அவ்வழியே பிதுங்குகிறது. பாரம் தூக்கத் தூக்க அது பெரிதாகும். பிதுங்கிய குடல் உள்ளே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையால் தீராது. தையல் போட்டு, வலை வைத்து அடைக்க வேண்டும்.

கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பார்த்தார்கள். அதன் பிறகு தேதிக்காகக் காத்திருப்பு. அந்த மாதங்களிலும் அப்பா வெட்டிக்கொண்டுதான் இருந்தார். 2024 ஆகஸ்டு மாதம், என் பல்கலைக்கழக விடுமுறையில், அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளைக்கு 3 ரிங்கிட். எல்லாம் சேர்த்தும் கட்டணம் நூறு ரிங்கிட்டைத் தாண்டவில்லை. பணம் கட்டும் சன்னலில் அம்மா சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல குறைக்கச் சொல்லிக் கேக்க எனக்கே வெக்கமா இருக்கு" என்றார்.

ஆனால், உண்மையான விலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிய ஆரம்பித்தது. ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது; மோட்டார் ஓட்ட அவசரப்படக் கூடாது; இருமினால் தையல் போட்ட இடத்தில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும்; மலச்சிக்கல் வரவே கூடாது. மலச்சிக்கலுக்குக் கொல்லைப்புறத்துப் பப்பாளி மரம் காசு வாங்காமல் மருந்து கொடுத்தது. மற்றவற்றுக்கு அப்படி வழியில்லை. மருத்துவ விடுப்பில் நாள் சம்பளம் கிடைக்கும். அப்போது நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,500 ரிங்கிட். அதற்கு மேல் அப்பா கொண்டுவருவதெல்லாம் குலைக் கணக்கில் வருகின்ற பணம். அது நின்றுபோனது.

அதைவிட வியப்பான ஒன்றை அம்மாவின் குறிப்பேட்டில் பார்த்தேன். வருமானம் குறைந்த அதே மாதத்தில் மளிகைச் செலவு கூடியிருந்தது! வாங்கியவர் அதே அம்மா; வாங்கிய பொருள்களும் அவையே. பிறகு ஏன் கூடியது? மலிவு எப்போதும் தூரத்தில் இருக்கிறது. பத்துக் கிலோ வெங்காயமாக வாங்கினால்தான் விலை குறைகிறது. அந்தத் தூரத்தைக் கடக்க மோட்டார் வேண்டும். அந்த மூட்டையைத் தூக்கத் தோள் வேண்டும். அம்மாவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது; எனக்கு உரிமம் இல்லை. ஆகவே, தோட்டத்துக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கினோம். இத்தனை ஆண்டுகள் அம்மாவின் வாய்ச்சாமர்த்தியத்தால் மிச்சமானது என்று நாங்கள் நினைத்த காசில் பாதி, பின்னால் பேசாமல் பை தூக்கி நின்றவரின் தோளால் மிச்சமானது. ஏழை வீட்டில் சிக்கனம் என்பதும் உடல் நன்றாக இருக்கும் வரைதான்.

வெட்டுக்காயம் ஆற ஹாருவான் மீன்தான் வேண்டும் என்பதில் இந்நாட்டின் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. நம்முடைய விரால் மீன்தான் அது. பக்கத்து வீட்டு மாமா தம் காடியில் எங்களைச் சந்தைக்கு ஏற்றிச் சென்றார். மீன் விற்கும் சீன அம்மையாருக்கு அம்மாவைப் பல ஆண்டுகளாகத் தெரியும். அம்மா வருவதைக் கண்டதுமே சண்டைக்குத் தயாராவது போல் கைகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்வார். அன்று தொட்டியில் உயிரோடு நீந்திய ஹாருவானைக் காட்டி அம்மா விலை கேட்டார். கிலோ இருபத்தைந்து வெள்ளி என்றார் அவர். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணத் தொடங்கினார். அந்த அம்மையார் மீனை எடுக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"சியாப்பா சாகிட்?" யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

"சுவாமி" என்றார் அம்மா. மலாய்மொழியில் கணவருக்கு அதுதானே பெயர்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மீனை வெட்டிக் கழுவிக் கட்டிக் கொடுத்தார். ஐந்து வெள்ளியைத் திருப்பி அம்மாவின் கையில் அழுத்தினார். அம்மா கேட்காமல் குறைந்த விலை, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு அம்மா மீன்சாறு வைத்தார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "எவ்வளவு குறைச்ச?" என்று கேட்டார். "அஞ்சு வெள்ளி" என்றார் அம்மா. அது பொய்யில்லை.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் அரிவாள் தீட்டும் ஓசை கேட்டு எழுந்தேன். அப்பா வேலைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். முந்திய மாலை அம்மா பத்துக் கிலோ அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலை முனையிலிருந்து நடந்து வந்ததை அவர் சன்னல் வழியாகப் பார்த்திருந்தார். எழுந்து வாசல் வரை போய், வயிற்றில் கையை வைத்தபடி அங்கேயே நின்றுவிட்டார். தையல் வலியைக்கூட அவர் அவ்வளவு வெளியில் காட்டியதில்லை.

"சின்ன மரமாப் பார்த்து வெட்டுறேன். லேசான குலைதான்" என்றார் அப்பா.

அம்மா சத்தம் போடவில்லை. உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தார். "இந்தாங்க, நீங்களே கூட்டிப் பாருங்க. காடிக் காசு, மீன் காசு, போன குலைக் காசு, மூணு வாரத்துக்கு இவ்வளவு ஆயிருக்கு. இன்னும் மூணு வாரம் இருந்தா இதே அளவு ஆகும். இப்பவே போய்த் தையல் பிரிஞ்சிட்டா மறுபடி முதல்லருந்து ஆறு வாரம். எது மலிவு, சொல்லுங்க?"

அப்பா வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிவாளைத் துணியில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். அன்பைச் சொல்லத் தெரியாத வீடுகளில் கணக்கும் ஒரு மொழிதான்.

மீதி மூன்று வாரங்களை அக்கம்பக்கம் தாங்கியது. மூட்டையாக வாங்கிய வெங்காயத்தை அம்மா வாங்கிய விலைக்கே மூன்று வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். இப்போது அந்த வீடுகளில் யார் நகரத்துக்குப் போனாலும் எங்கள் வாசலில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா வீட்டிலிருந்து விளம்பரத் தாள்களைப் படித்தார், பூண்டு உரித்தார், அம்மா விலை பேசுவதற்கு எத்தனை கடைகள் ஏறி இறங்கியிருப்பார் என்பதை முதன்முறையாக வாய்விட்டு எண்ணினார்.

ஆறு வாரம் முடிந்து, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே வேலைக்குத் திரும்பினார். ஆனால், பழையபடி இல்லை. மண்டோரிடம் பேசி ஓர் இந்தோனேசிய இளைஞருடன் கூட்டுச் சேர்ந்துகொண்டார். வெட்டுவது அப்பா, தூக்கி ஏற்றுவது அந்த இளைஞர், குலைப் பணம் ஆளுக்குப் பாதி. மாத வருமானம் குறைந்துதான் இருக்கிறது. இந்த யோசனையைச் சொன்னவர் அம்மா. பத்து சென்னுக்காகச் சந்தையை இரண்டு சுற்றுச் சுற்றுகிறவர், அந்தப் பாதியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் படிக்க வந்திருக்கும் தோழர், தோழியரே! நம் வீட்டுப் பெரியவர்கள் காய்கறிக்குப் பேரம் பேசுவார்கள். தங்கள் உடம்பை மட்டும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். வலியை வாயு என்பார்கள். வீக்கத்தைத் துணியால் கட்டி மறைப்பார்கள். கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் தொடங்கும் சிகிச்சையை, ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தள்ளிப் போடுவார்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, அப்பா இருமினால் கையை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். அம்மா பையை எந்தக் கையில் தூக்குகிறார், நடுவழியில் எத்தனை முறை கீழே வைக்கிறார் என்றும் பாருங்கள். பார்த்த பிறகு சும்மா இருக்காதீர்கள். உடனே கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.