பரோட்டாவின் மேல் வீண் பழி

விருதுநகருக்குப் போனவர்கள் எண்ணெய்ப் பரோட்டா தின்னாமல் திரும்புவது அபூர்வம். நம் தமக்கையின் மகனும் தின்றான். மறுநாள் சிவகாசி வீட்டில் காய்ச்சலும் குமட்டலுமாகப் படுத்தான். ஒரு வாரத்தில் கண்கள் மஞ்சளாயின.

உடனே வீட்டில் விசாரணை தொடங்கிற்று. "எல்லாம் அந்தப் பரோட்டா செய்த வேலை!" என்றார் அத்தான். "அச்சாபீஸ் சூடு" என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி, கீழாநெல்லியை அரைத்துக்கொண்டே. நாமும் நம் பங்குக்கு வெயிலைக் குற்றம் சாட்டினோம்.

டாக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு எல்லாரையும் விடுதலை செய்தார். வந்திருப்பது ஹெபடைடிஸ் 'ஏ' என்னும் காமாலை. 1973-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறிந்த வைரஸ் இதற்குக் காரணம். நோயாளியின் மலத்தில் வெளியேறும் அக்கிருமி, தண்ணீரிலோ கழுவாத கையிலோ கலந்து பிறர் வாய்க்குள் புகுகிறது. 15 முதல் 50 நாள் வரை பதுங்கியிருந்து பிறகே நோயாக வெளிப்படுகிறது. ஆகவே பரோட்டா நிரபராதி. ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் எங்கோ குடித்த ஒரு தம்ளர் தண்ணீர்தான் சந்தேகத்துக்குரியது.

தமக்கை விம்மினாள். "கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு கொடுத்தறியேனே, டாக்டர்!"

"அதனால்தான் அம்மா, இந்த வயதில் வந்திருக்கிறது" என்றார் அவர்.

நாம் திடுக்கிட்டோம். விளக்கம் கேட்ட பிறகே விஷயம் புரிந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் கண் மஞ்சளாகாமலே வந்து போய்விடும். ஒருமுறை வந்தவருக்கு ஆயுளில் மறுபடி வராது. ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்குப் பால்யத்திலேயே வந்து போயிருக்கக்கூடும். சுத்தமாக வளர்ந்த பிள்ளையோ இருபத்திரண்டு வயதில் அக்கிருமியின் முன் நிராயுதபாணியாக நின்றான். வயது ஏற ஏற நோயின் கடுமையும் ஏறும். மிகச் சிலருக்கு ஈரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். இதற்கென்று தனி மருந்தில்லை. ஓய்வும் ஆகாரமும் கொடுத்தால் பெரும்பாலோருக்கு ஈரல் தானே தேறிவிடும். கீழாநெல்லியின் கீர்த்தியில் ஒரு பங்கு இதனால் வந்ததுதான் போலும்!

அப்படியானால் சுத்தம் பிசகா? ஒருநாளும் இல்லை. அசுத்தத் தண்ணீரில் டைபாய்டும் காலராவும் காத்திருக்கின்றன. சுத்தத்துக்குத் துணையாகத் தடுப்பூசியும் வேண்டும், அவ்வளவே. ஒரு வயது நிரம்பினால் போடலாம். செயலிழந்த கிருமியால் ஆனது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. வலுவிழந்த உயிர்க்கிருமியால் ஆனது ஒன்றே போதும். நோயாளியோடு பழகியவர்களுக்கும் இரண்டு வாரத்துக்குள் போட்டால் பயனுண்டாம். பையனின் தங்கைக்கு அன்றே போட்டாயிற்று.

அப்போது, வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்து வரும் அம்மாள், "எம் பிள்ளைக்கும் போடலாமாய்யா?" என்று கேட்டாள். அவள் கணவர் பட்டாசு ஆலையில் கூலி வேலை பார்க்கிறவர். நாட்டின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இந்த ஊசி இல்லை. நமக்குத் தலை குனிந்தது. மறுநாள் அத்தான் அப்பிள்ளையையும் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஆனால் ஓர் அத்தானால் ஊர் முழுவதற்கும் ஊசி போட முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட காமராஜர் பிறந்த சீமை இது. இங்கே நல்ல குடிநீரும் ஓர் ஊசியும் கேட்பது பேராசையாகாது.

ஆறு வாரத்தில் பையன் எழுந்து நடமாடினான். முதலில் கேட்டது பரோட்டா! தமக்கை மறுக்கவில்லை.

"தின்றுவிட்டு வா. தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போ" என்றாள்.