ஆண் கடலா... பெண் கடலா?

எல்லா இன்ஜினீயரிங் காலேஜ்லயும் ஃபர்ஸ்ட் இயர்ல 'கோவா'ன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பாங்க. ஃபைனல் இயர் வரைக்கும் அந்த குரூப் இருக்கும்... கோவாதான் நடக்காது! நாங்களும் அந்த ஜாதிதான். திருச்சியில் மெக்கானிக்கல் தேர்ட் இயர். ஏழு பேர். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பட்ஜெட். இந்தக் காசுக்கு கோவா பஸ்ஸை வேடிக்கைதான் பார்க்க முடியும்.

ஸோ, மார்ச்ல இன்டர்னல்ஸ் முடிஞ்ச கையோடு கேன்டீன்ல பஞ்சாயத்து கூடியது. நம்ம தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கே... அதில் எந்த பீச்?

''மெரினா!'' என்றான் ஒருத்தன். ''சுண்டல் திங்க முந்நூறு கிலோமீட்டரா?'' என்று கேஸை குளோஸ் செய்தோம். அங்கே குளிக்கவும் தடை. கோவளம்? 2021-ல் 'நீலக்கொடி' சான்றிதழ் வாங்கிய பீச். சுத்தம், சர்ஃபிங் எல்லாம் ஓ.கே. ஆனா, திருச்சியிலிருந்து போய்வரவே பர்ஸ் காலி. தரங்கம்பாடி கிட்டத்தட்ட ஜெயிச்சிடுச்சு. 1620-ல் டேனிஷ்காரங்க கட்டின கோட்டை, பக்கத்திலேயே கடல் அரிச்சுக்கிட்டே வந்த மாசிலாமணிநாதர் கோயில். சும்மா உட்கார்ந்து காத்து வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனா, கரை முழுக்கக் கல். இறங்கிக் குளிக்க லாயக்கில்லை.

எங்க செட்டில் இருக்கும் ரெண்டு பொண்ணுங்களும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. ''பாத்ரூம் இருக்கா?'' மூணு வருஷமா டூர் பிளான் போடுற பசங்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தடவைகூட தோணலைங்கிறது வேற விஷயம்.

இத்தனை கூச்சலிலும் ஒருத்தன் மட்டும் வாயே திறக்கலை. டீ கிளாஸையே பார்த்துக்கிட்டிருந்தான். அவனை நாங்க 'காவேரி'ன்னு கூப்பிடுவோம். ஆத்தங்கரை ஊர்க்காரன். கிணறு, வாய்க்கால், ஆறுன்னு அஞ்சு வயசிலிருந்து நீச்சல்.

போன வருஷம் நவம்பர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பீச், பேர் வேண்டாமே. இன்ஸ்டாவில் செம போட்டோ பார்த்து செலக்ட் பண்ணின இடம். போட்டோ எந்த மாசம் எடுத்ததுன்னு யாரும் பார்க்கலை. நாங்க போனப்போ அலை ஆளுயரத்துக்கு வந்துச்சு. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அலையே உடையாம தண்ணி அமைதியா இருந்துச்சு. ''மச்சி, இங்கதான் சேஃப்''னு காவேரி அங்கே இறங்கினான்.

நாங்க செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள அவன் ரொம்ப தூரத்தில் இருந்தான். கரையைப் பார்த்து நீந்துறான், நீந்துறான்... பின்னாலதான் போறான். முதல்ல விளையாடுறான்னே நினைச்சோம். கையை மேலே தூக்கினப்போதான் வயித்தைக் கலக்கிச்சு. வலை சரி பண்ணிக்கிட்டிருந்த ரெண்டு அண்ணன்கள் ஃபைபர் படகைத் தள்ளிக்கிட்டு ஓடினாங்க. அவனைத் தூக்கிட்டு வந்து போட்டப்போ உதடு நீலமா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் நாங்க ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலை. வீட்டுக்கு 'ஃபுட் பாய்சன்'னு சொல்லியிருக்கோம். அவங்கப்பா இந்தப் புத்தகம் வாங்காம இருக்கணும்!

அந்த மீனவ அண்ணன் சொன்ன ஒரு வரி மட்டும் இன்னும் காதிலேயே இருக்கு. ''அல இல்லன்னு பாத்து இறங்கினியே தம்பி... உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி வேணாமா?''

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் கன்டினியூட்டி ஈக்வேஷனை மனப்பாடம் பண்ணி எழுதினவங்க நாங்க. இவர் ஒரே வரியில் முடிச்சிட்டார். அலைகள் கரைக்குத் தள்ளுற தண்ணியெல்லாம் எங்கேயாவது ஒரு குறுகலான பாதை வழியா கடலுக்குத் திரும்பணும். அந்தப் பாதையில் கொஞ்சம் ஆழம் அதிகம். அதனால் அலை உடையாது. பார்க்க சாது மாதிரி இருக்கும். அந்த இழுப்பை எதிர்த்து நீந்தினா ஒலிம்பிக் வீரனே களைச்சுப்போவான். பதறாம மிதந்து, கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியே வந்துட்டா, அப்புறம் கரைக்குத் திரும்பலாம். கிணத்து நீச்சலில் இதெல்லாம் யார் சொல்லித்தர்றாங்க?

அதுக்கப்புறம் காவேரி எங்க காலேஜ் நீச்சல் போட்டிக்குக்கூட பேர் கொடுக்கலை. அதனால, இந்தத் தடவை பீச்சைத் தேர்ந்தெடுக்கணும்னா அவனை வெச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும்.

அப்போதான் பாம்பன்காரன் வாயைத் திறந்தான். ''எங்க பக்கம் ரெண்டு கடல் இருக்குடா. மன்னார் வளைகுடா பக்கம் ஆண் கடல். பாக் நீரிணை பக்கம் பெண் கடல். இப்ப பெண் கடலுக்குப் போனா தண்ணி குளம் மாதிரி கிடக்கும்.''

''அதென்ன, அமைதியா இருந்தா பொண்ணா?'' என்று பாய்ந்தாள் ஒருத்தி.

''ஐப்பசி, கார்த்திகையில வந்து பாரு. பெண் கடல் ஆடுற ஆட்டத்துல படகைக் கரையேத்திக் கட்டிப்போட்ருவோம்!''

விஷயம் இதுதான். தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்களில் மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே உல்டா. பாக் பக்கம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். கிழக்கே இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் மறைச்சு நிற்கிறதால் பெருங்கடலின் பெரிய அலை உள்ளே வராது. 'எந்த பீச்?' மட்டும் கேட்டா பத்தாது, 'எந்த மாசம்?'னும் கேட்கணும்.

வானம் தெளிவா இருந்தாலே சேஃப்னும் கிடையாது. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் பீச்சில் அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில் போனாங்களே, அது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்த நேரம். எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயல்காத்து கிளப்பிவிடுற அலை, இங்கே காத்தே இல்லாதப்போ திடீர்னு வந்து ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' நிறுவனம் இதை முன்கூட்டியே சொல்லுது. நாங்க கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி அதைப் பார்த்தோம். பாம்பன்காரன் அவங்க மாமாவுக்கும் ஒரு போன் போட்டான். ரெண்டு பேரும் ஓ.கே!

ராமநாதபுரத்தில் இறங்கி, பஸ் பிடிச்சு உச்சிப்புளி, அங்கிருந்து ஆட்டோவில் அரியமான். பாம்பன்காரனோட சித்தி வீடு உச்சிப்புளியில்தான். பாத்ரூம் பிரச்னை, மத்தியானச் சாப்பாடு ரெண்டும் ஒரே கல்லில் காலி.

உண்மையைச் சொல்லணும்... அரியமானில் ரீல்ஸுக்கு ஒண்ணும் தேறாது. அலைன்னு சொல்ற அளவுக்கு அலை இல்லை. கரையோரம் கடல் புல் ஒதுங்கிக் கிடந்துச்சு. சவுக்குத் தோப்புக்குள் யாரோ விட்டுட்டுப் போன பாட்டில்கள் வேற. ஆனா, அந்தச் சவுக்கு நிழலும், அடிமணல் தெரியுற தண்ணியும்... ஆஹா!

எல்லாரும் இறங்கிட்டோம். காவேரி மட்டும் செருப்பைக்கூடக் கழட்டாம நின்னான். யாரும் அவனைக் கூப்பிடலை. கூப்பிடக் கூடாதுன்னு ரயிலிலேயே பேசி வெச்சிருந்தோம். பாம்பன்காரன் மட்டும் நேரா கடலுக்குள் நடந்துக்கிட்டே போனான். நூறு அடி தாண்டித் திரும்பி நின்னான். தண்ணி இடுப்புக்கு மேலே ஏறலை. அங்கேயே நின்னுக்கிட்டு போன் பேசுற மாதிரி காதில் கையை வெச்சுக் காட்டினான்.

காவேரி சிரிச்சான். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சான். கணுக்கால்... முழங்கால்... அங்கேயே அஞ்சு நிமிஷம். அப்புறம் என்ன நினைச்சானோ, அப்படியே தண்ணிக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்துட்டான். கழுத்து மட்டும் வெளியே தெரியுது. சுத்தி நாங்க ஆறு பேரும் எங்களுக்கே தெரியாம வட்டமா நின்னுக்கிட்டிருந்தோம்.

''என்னடா பொணத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க? சித்தி மீன் கொழம்பு எத்தனை மணிக்கு?'' என்றான்.