உயிர் ஆணியும் எங்கள் வீட்டுச் சண்டையும்

நகோயா

அன்புள்ள கோமதிக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெய் வைத்தியரை விட்டுவிட்டு ஒழுங்காக டாக்டரிடம் போ என்று எத்தனை தரம்தான் எழுதுவது.

என் நாத்தனார் உனக்குப் போன் செய்து அழாத குறையாகப் பேசினாளாமே. "அண்ணி வீட்டுக்குள்ளேயே சூதாட்ட மெஷினைக் கொண்டுவந்து வச்சுட்டாங்க" என்றாளாம். மெஷின் வந்தது உண்மைதான். படுக்கையறையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னாள் பார், அது மட்டும் பொய். ஹாலில், சாமி படத்துக்கு எதிர்ச் சுவரில் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் நீ இன்னும் ரசித்திருப்பாய்.

மெஷினின் பெயர் பச்சிங்கோ. இங்கே பல ஊர்களில் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே கண்ணைக் கூசவைக்கிற விளக்குகளோடு ஒரு கூடம் இருக்கும். உள்ளே வரிசை வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், காது கிழிகிற சத்தம். நீ பார்த்ததில்லை என்று நினைக்காதே. பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டு மச்சில் ஒரு பாகடெல் பலகை கிடந்ததே, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் முட்டி முட்டிக் கீழே இறங்குமே, அதே வம்சம்தான் இது. 1920-களில் 'கொரிந்த்' என்ற பெயரில் சிறுவர் விளையாட்டாக ஜப்பானுக்கு வந்தது. இவர்கள் பலகையை நிமிர்த்தி நிறுத்தினார்கள், கண்ணாடி போட்டார்கள், பெரியவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். உன் அண்ணன் ராத்திரியில் ஆணிகளை வளைத்துவைத்து, மறுநாள் நம்மிடமிருந்து புளிப்பு மிட்டாய்களை ஜெயிப்பானே, ஞாபகம் இருக்கிறதா? அதை மறக்காதே, பின்னால் அதற்கு வருகிறேன்.

இந்த விளையாட்டுக்கு எங்கள் ஊர்தான் தாய்வீடு. இரண்டாம் உலகப் போரில் நகோயா எரிந்து சாம்பலான பிறகு, பொழுதுபோக்குக்கும் வழியில்லை, சிகரெட்டுக்கும் இனிப்புக்கும் பஞ்சம். பச்சிங்கோவில் ஜெயித்தால் அவைதான் பரிசு. ஜனம் வந்து மொய்த்துவிட்டது. இந்த ஊரில் தக்கேயிச்சி மசாமுரா என்று ஒருவர் 1948 வாக்கில் ஒரு காரியம் செய்தார். அதுவரை ஆணிகள் சீராக, ஒரே இடைவெளியில் அடிக்கப்பட்டிருந்தன. இவர் சில இடத்தில் நெருக்கினார், சில இடத்தில் வெட்டவெளியாக விட்டார், நடுவே சுழலும் சின்னக் காற்றாடிகளை வைத்தார். குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. அந்த ஆணி வரிசையை இன்றுவரை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். மனிதர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. நாடு முழுக்கக் காப்பியடித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டார், தன் சொத்தே போய்விட்ட கணக்கில்.

இங்கே ஓசு கன்னோன் கோயில் வாசலில் மாதாமாதம் 18, 28 தேதிகளில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், ஓடாத கடிகாரம் எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். அங்கேதான் இதைப் பார்த்தேன். மரச்சட்டம், இரண்டரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், கண்ணாடி முழுக்க மஞ்சள். 1970-களின் தொடக்கத்தில் செய்தது என்றார் கடைக்காரர். அந்தக் காலத்து மெஷின்கள் இங்கே அவ்வளவாகக் கிடைப்பதில்லை. கூடங்கள் அடிக்கடி புது மாடலுக்கு மாறும், பழையதை என்ன செய்வது? 1970-களில் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அங்கே அது வீட்டு விளையாட்டுச் சாமானாக விற்றது. அதனால்தான் என் மெஷினில் உடைந்திருந்த ஒரு பிளாஸ்டிக் பூவுக்கு மாற்று தேவைப்பட்டபோது, அது அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையிலிருந்து தபாலில் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை பசிபிக்கைத் தாண்டிய பூ! மெஷினை வாங்கியபோது எங்கள் வீட்டுக்காரர் விலையைக் கேட்கவில்லை. "இதை வேண்டாம்னு தூக்கிப் போடறதுக்கு எவ்வளவு கட்டணும்னு தெரியுமா?" என்றுதான் கேட்டார். பெரிய குப்பைக்கு இங்கே நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

சுவாரசியமெல்லாம் பின்பக்கம்தான், கோமதி. முன்னால் ஆணியும் படமும். பின்னால் திருப்பினால் தொட்டி, சரிவுப் பாதை, நெம்புகோல், மணி. மின்சாரம் வெறும் விளக்குக்குத்தான். கூடத்தில் 24 வோல்ட் கொடுத்திருப்பார்கள், வீட்டில் ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். மற்றதெல்லாம் குண்டின் எடையாலேயே நடக்கிறது. குண்டு 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு, ஐந்தரை கிராம்தான் இருக்கும். ஜெயிக்கிற குழிக்குள் விழுந்த குண்டு பின்பக்கமாக உருண்டு வந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், அது மணியை அடிக்கும், அளந்து வைத்த 15 குண்டுகள் சலசலவென்று முன் தட்டில் கொட்டும். ஐந்தரை கிராம் கொண்டு போய் ஒரு பெரிய கதவைத் திறக்கிற வேலை. அதனால் எந்த இடத்திலும் ஒரு தூசி ஒட்டக் கூடாது. இவர் உற்சாகமாக எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து களிம்பாகிவிடும். உராய்கிற இடத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும்.

மஞ்சளெல்லாம் என்ன தெரியுமா? சிகரெட் புகை. எத்தனையோ பேர் ஊதித் தள்ளிய புகை பிசினாகப் படிந்திருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சோப்பை வெந்நீரில் கலந்து, துணியைப் பிழிந்து துடைக்கத் துடைக்கத் துணி தேநீர் நிறமாயிற்று. படம் அச்சடித்த முகப்புத் தாள் செல்லுலாய்டு, அதில் ஸ்பிரிட், தின்னர் எதுவும் படக் கூடாது, நிறம் கரைந்துவிடும். ஆணிகள் பித்தளை. பித்தளையைப் பார்த்ததும் எனக்குப் புளியை எடுக்கக் கை பரபரத்தது, ஆனால் புளித்தண்ணீர் கீழே படத்தில் வடிந்தால் கதை முடிந்தது. காது குடைகிற பஞ்சுக்குச்சியால் ஒவ்வோர் ஆணியாகத் துடைத்தேன். "வீட்டுக் குத்துவிளக்கை இப்படித் துடைச்சு நான் பார்த்ததே இல்லையே" என்றார் இவர். பதில் சொல்லவில்லை.

இப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி கதைக்கு வருகிறேன். எண்பது வயதைத் தாண்டியவர், குப்பை பிரிக்கிற விஷயத்தில் எனக்கு ஹிட்லர். ஒரு நாள் சீமைப் பனிச்சைப் பழம் கொடுக்க வந்தார். ஹாலில் மெஷினைப் பார்த்தவர் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றுவிட்டார். ஜப்பானியப் பாட்டி செருப்போடு வீட்டுக்குள்! எனக்குப் பயமாகிவிட்டது. அவர் வீட்டுக்காரர் சம்பளத்தைக் கூடத்தில் தொலைத்தவரோ என்று. அப்படிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். காரில் குழந்தையைப் பூட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, வெயிலில் குழந்தை செத்த செய்தியெல்லாம் வந்திருக்கிறது. கூடத்து ஆட்கள் இப்போது வண்டி நிறுத்தும் இடத்தில் ரோந்து சுற்றுகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் நாத்தனார் அழுததில் ஒரு நியாயம் உண்டு, ஆனால் அதை நான் அவளிடம் சொல்லப் போவதில்லை.

பாட்டி கதை வேறு. பதினெட்டு வயதில் அவர் ஒரு பச்சிங்கோ கூடத்தில் வேலை பார்த்தவராம். முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில். இரண்டு மெஷின் வரிசைகள் முதுகோடு முதுகாக நிற்கும், நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நடக்கிற சந்து. குண்டுகள் தானாகச் சுற்றிவருகிற வசதி வருவதற்கு முன்னால், அந்தச் சந்துக்குள் பெண்கள் நின்றுகொண்டு தொட்டிகளை நிரப்புவார்கள். குண்டு தீர்ந்தாலோ சிக்கினாலோ விளையாடுகிறவன் கண்ணாடியைத் தட்டுவான், இவர்கள் மெஷினுக்கு மேலே தலையை நீட்டி என்னவென்று கேட்பார்கள். பாட்டி என் முகத்துக்கு நேரே அந்தத் தலைநீட்டலைச் செய்து காட்டினார் பார், பதினெட்டு வயதுதான்! கூடத்தில் நாள் முழுக்கக் கடற்படை அணிவகுப்பு இசை ஓடுமாம். இப்போதும் அவருக்கு அந்த இசை கேட்டால் தோள்வலி வருகிறதாம். யார் எந்த மெஷினில் எந்த நாளில் உட்காருவான், எவன் மனைவிக்குத் தெரியாமல் வருவான், எவன் சிகரெட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே விற்பான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருவன் தினமும் இவர் நிரப்புகிற வரிசையிலேயே உட்கார்ந்து வேண்டுமென்றே கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தானாம். "அப்புறம்?" என்றேன். "அவனைத்தான் கட்டிக்கொண்டேன்" என்றார். அந்த மனுஷர் போய்ப் பல வருஷமாகிறது. விளையாட்டில் ஒரு நாளும் ஜெயித்ததில்லையாம்.

குண்டுகளைத் தேய்க்க வழி சொன்னதும் பாட்டிதான். பழைய தலையணை உறையில் துணிக் கிழிசலோடு குண்டுகளைப் போட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஆட்ட வேண்டும். துருப்பிடித்ததை மட்டும் முதலில் வினிகரில் ஊறவைத்துக் கழுவி, உடனே முடி உலர்த்துகிற மெஷினால் காயவைத்துவிட வேண்டும். துருக் குண்டு ஆணியையும் பாதையையும் கீறிவிடும். குண்டுகள் பளபளத்த பிறகு பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை. ஒரு கூடத்துக் குண்டை இன்னொரு கூடத்தில் போட்டு ஏமாற்றாமல் இருக்க அவரவர் அடையாளம். என் மெஷினில் பல கூடத்து முத்திரைகள் கலந்து கிடக்கின்றன, சட்டைப்பைக்குள் போட்டு யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்!

இனிமேல்தான் சண்டை. எல்லாம் சரியாகி, லேசாகப் பின்னால் சாய்த்து மாட்டி, விளக்கு எரிந்து, மணி அடித்து, ஆட ஆரம்பித்தோம். இவர் குண்டை ஏவுகிற முன்பக்க நெம்புகோலைத் தட்டுகிறார், தட்டுகிறார், குண்டுகள் எல்லாம் கீழ் ஓட்டைக்கே போகின்றன. பலகையில் டியூலிப் என்று பூ வடிவக் குழிகள் உண்டு. 1960-ல் வந்த புதுமை. குண்டு விழுந்தால் இதழ் விரிந்து அடுத்த குண்டுக்கு வழி விடும், அது விழுந்ததும் மூடிக்கொள்ளும். அந்தப் பூக்கள் மலரவே மாட்டேன் என்கின்றன. பாட்டி வந்து கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்து ஒரு பார்வை பார்த்தார். "வலது பக்கம் மூடி வைத்திருக்கிறான்" என்றார்.

யார் என்றால், ஆணிக்காரன். கூடம் மூடிய பிறகு ராத்திரியில் சின்னச் சுத்தியலோடு ஒருவர் வருவார். குழிக்கு நேர் மேலே இருக்கிற இரண்டு ஆணிகளுக்கு உயிர் ஆணி என்று பெயர். அவற்றை ஒரு தட்டுத் தட்டினால் இடைவெளி மாறும். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், ஒரு கூடத்தின் நாள் வருமானம் தலைகீழாகிவிடும். எல்லா மெஷினையும் இறுக்கினால் கூட்டம் வராது, எல்லாவற்றையும் தளர்த்தினால் முதலாளி தெருவுக்கு வந்துவிடுவார். எது இளகியது, எது கருமி என்று பார்த்தாலே தெரிகிறவர்கள்தான் அதைத் தொழிலாக ஆடினார்கள். உன் அண்ணன் அந்தத் தொழிலுக்குப் பிறந்தவன், திருநெல்வேலியில் பிறந்ததுதான் தப்பு. 1980-ல் மூன்று ஏழு சேர்ந்தால் வெள்ளமாகக் கொட்டுகிற 'ஃபீவர்' மெஷின் வந்தது. அதிலிருந்து மெல்ல மெல்ல எல்லாம் எலெக்ட்ரானிக் ஆகி, இப்போது நடுவில் ஒரு டிவித் திரை. எனக்கு அவற்றில் துளியும் ஆசை இல்லை. என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத மெஷினைத் துடைத்து என்ன பயன்?

இவர் கட்சி என்னவென்றால், "நம்ம வீட்டு மெஷின், நம்ம காசு, ரெண்டு ஆணியைத் தளர்த்தினா என்ன? மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்." என் கட்சி, தொடக் கூடாது. துடைத்தேன், துரு எடுத்தேன், உடைந்ததை மாற்றினேன், ஆனால் அந்த இரண்டு ஆணிகளின் சாய்வு ஒரு மனிதன் கடைசியாக ஒரு ராத்திரி யோசித்துத் தட்டிவிட்டுப் போனது. அவன் யார், எந்தக் கூடம், எதுவும் தெரியாது. மெஷினில் மீதி எல்லாம் தொழிற்சாலை செய்தது, இது ஒன்றுதான் அவன் செய்தது. அதை நிமிர்த்திவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு பொம்மை. "அந்தக் கஞ்சனுக்கு நீ ஏன் இவ்வளவு வக்காலத்து?" என்கிறார். சரி, பாட்டியைக் கேட்கலாம் என்று போனால், அவர் தளர்த்தச் சொல்லிவிட்டார்! "என் வீட்டுக்காரர் பாவம், எத்தனை வருஷம் இந்த ஆணியோடு மல்லுக்கட்டினார்" என்கிறார். என் பெண் அம்மா கட்சி, ஆனால் அவளுக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். மாமியார் வீடியோவில் பார்த்துவிட்டு, "ஜெயிச்சா ரூபா கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். இங்கே கூடத்திலேயே பணம் தரமாட்டார்கள். சட்டம் விடாது. பரிசாக ஒரு சின்னப் பொருளைத் தருவார்கள், அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் முகம் தெரியாத ஒரு சின்ன ஜன்னலில் கொடுத்தால் யென் வெளியே வரும். இதை விளக்கி முடித்ததும் அத்தை, "அப்போ நம்ம வீட்ல ஜன்னல் எங்கே வைக்கப் போறே?" என்றார். வயசு எழுபத்தெட்டு!

நான் சுத்தியலை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், இவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார். வோட்டு இரண்டுக்கு இரண்டு, அத்தை எந்தப் பக்கமும் இல்லை. நீ எந்தக் கட்சி என்று உடனே எழுது. உன் அண்ணனைக் கேட்காதே, அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். இவர் கட்சி என்றால் தபால் செலவு எதற்கு, எழுதவே வேண்டாம்.

அன்புடன்,
உன் ராஜி