கேள்வி கேட்பது அதபுக் குறைவா?



ஆசிரியர் முன்னிலையில் அடக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லியே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அது மார்க்கம் கற்றுத் தந்த அதபு. ஆனால் அடக்கம் என்றால் வாய் திறவாமை என்று நம்மில் பலர் பொருள் கொண்டுவிட்டோம். வகுப்பில் எழுந்து “ஏன்?” என்று கேட்கும் பிள்ளைக்கு “அதிகப்பிரசங்கி” என்ற பட்டம் காத்திருக்கிறது.

எங்கள் மகன் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஓர் எண்ணைப் பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று கணக்கு ஆசிரியரிடம் கேட்டான். “சொன்னதை எழுது, அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்” என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் மீண்டும் கை உயர்த்தவில்லை. ஐயங்கள் மட்டும் அவனிடமே தங்கிவிட்டன.

எங்கள் மகளுக்கு மாலை நேர மக்தபில் வேறோர் அனுபவம் வாய்த்தது. “தொழுகையில் ஏன் அரபியில் ஓதுகிறோம்? அல்லாஹ்வுக்குத் தமிழ் தெரியாதா?” என்று ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டாள். நாங்கள் பதறினோம். ஹஜ்ரத்தோ புன்னகைத்து, எல்லா மொழிகளும் அல்லாஹ் படைத்தவையே என்றார். குர்ஆன் அரபியில் அருளப்பட்டதையும், எந்நாட்டு முஸ்லிமும் ஒரே ஸஃப்பில் நின்று தொழ முடிவதையும் விளக்கினார். “உன் துஆவைத் தமிழிலேயே கேள்” என்றும் சொன்னார். மறுநாள் முதல் பிள்ளைகள் அனைவருக்கும் சூரத்துல் ஃபாத்திஹாவின் பொருளைச் சொல்லித் தரத் தொடங்கினார். ஒரு சிறுமியின் கேள்வியால் ஒரு மக்தபே பயன்பெற்றது.

இது நமக்குப் புதிய வழிமுறை அன்று. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைப் பாருங்கள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியிருந்த அவர், தொழுகையின் இடையே தும்மியவருக்கு மறுமொழி கூறிவிட்டார். சுற்றியிருந்தோர் முறைத்தனர். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை, கடுகடுக்கவும் இல்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்று விளக்கினார்கள். அதன்பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. குறிகாரர்களிடம் செல்வது பற்றியும் சகுனம் பற்றியும் அவர் அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கினார். அச்சம் நீங்கியதும் கேள்வி பிறந்தது. கேள்வியால் கல்வி வளர்ந்தது.

ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றிக் கேட்ட ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஆயினும், மார்க்கத்தைக் கற்றுக்கொடுக்க வந்தவர் என்றே நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். நல்ல கேள்வியும் ஒரு போதனையே! மறுமை நாள் எப்போது என்று வினவப்பட்டபோது, கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்றார்கள் நபியவர்கள். ஆசிரியப் பெருமக்களே, “எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்பதில் இழிவு ஏதுமில்லை. அப்படிச் சொல்லி மறுநாள் மறவாமல் பதில் தரும் ஆசிரியரைப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியரின் சுமையை நாம் அறியாதவர்கள் அல்லர். வகுப்பின் இறுதியில் கேள்விகளுக்கென ஐந்து நிமிடம் ஒதுக்கினாலும் போதும். கேட்கும் முறையைப் பிள்ளைக்குப் பழக்குவது பெற்றோரின் பொறுப்பு. குறுக்கே பேசாமலும், ஆசிரியரை மடக்கும் நோக்கமின்றியும், அறியும் ஆவலோடும் கேட்க வேண்டும். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்கும் நாம், “இன்று என்ன கேள்வி கேட்டாய்?” என்றும் கேட்போமே!

ஆசிரியரிடம் கேட்க அஞ்சும் பிள்ளை, அதே கேள்வியைக் கைப்பேசியிடம் கேட்கும். அங்கே பதிலுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையை அறிந்து, அதன் நலன் நாடிச் சொல்வார்தாம் இல்லை.

இறைவா! எங்கள் கல்வியை அதிகப்படுத்துவாயாக. ஆமீன்.