கூப்பிட்டார்களா என்று கேட்டாயா?

"நூறு நாள் வேலை வந்ததிலிருந்து உங்க ஆளுங்க நடவுக்கு வர்றதே இல்ல. கூலியக் கூட்டிக் கொடுத்தா இன்னும் சோம்பேறி ஆயிடுறாங்க. நான் சொல்லலம்மா, உங்க தெருவுல படிச்ச பொண்ணே எழுதியிருக்கு."

கூலி உயர்வுக்காக எங்கள் ஊரில் நடந்த பேச்சுவார்த்தையில் நிலக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லி ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்தப் படித்த பெண் நான்தான். முதுகலை சமூகவியலுக்காக நான் செய்த ஆய்வின் சுருக்கம் அது. ஊராட்சி அலுவலகத்தில் நானே கொடுத்த பிரதி.

ஆறு ஊர்ச் சேரிகளில் பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன்: ஒரு நாள் கூலி எவ்வளவு, போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள். கூலி அதிகமாக இருந்த ஊர்களில் நாள் குறைவாக இருந்தது. பொருளாதாரப் பாடத்தில் பின்னோக்கி வளையும் உழைப்பு அளிப்புக் கோடு என்று ஒன்று உண்டு. கூலி ஓர் அளவுக்கு மேல் போனால் மனிதர்கள் வேலையைக் குறைத்து ஓய்வை எடுத்துக்கொள்வார்கள் என்பது அதன் பொருள். அதை என் கணக்கோடு ஒட்டி, 'கூலி உயர உயர வேலை நாள் குறைகிறது' என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

கூட்டம் முடிந்த இரவு அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். நாற்பது வருடமாக நடவு நடுகிறவர். தாளைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

"அந்த ஊருல நடவு மிஷின் வந்து எத்தன வருசமாவுது! மிஷின் எறங்காத மூலைக்கும் சேத்துக்கும்தான் ஆளு தேடுறான். அதான் கூலி கூட, நாளு கொறைவு. நாங்க வரலன்னு எழுதினியே, கூப்பிட்டாங்களான்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. ஒருவர் வேலை செய்த நாள் வேறு, செய்யத் தயாராக இருந்த நாள் வேறு. முதலாவதில் முதலாளியின் தேவையும் கலந்திருக்கிறது. நடவுக் காலத்தில் கூலியும் ஏறும், நாளும் ஏறும். அதை மட்டும் பார்த்தால் கூலிக்காகத்தான் கூட்டம் வந்தது என்று தோன்றும். மிஷின் வந்த ஊரைப் பார்த்தால் நேர் எதிராகத் தோன்றும். இரண்டுமே தப்பான கணக்கு. கூலி மட்டும் மாற வேண்டும், மற்றவை மாறக்கூடாது. அப்போதுதான் உழைப்பவரின் பதில் என்னவென்று தெரியும்.

மலாவி நாட்டுக் கிராமங்களில் ஜெசிகா கோல்ட்பெர்க் என்ற பொருளாதார அறிஞர் அப்படித்தான் செய்தார். 12 வாரம், வாரத்துக்கு ஒரு நாள் வேலை. வேலை எல்லோருக்கும் உண்டு. கூலியை மட்டும் வாரத்துக்கு வாரம் மாற்றினார். 2016இல் வெளியான முடிவு: கூலி 10% ஏறினால் வேலைக்கு வருவது சுமார் 1.5% கூடுகிறது. ஏறினால் குறையவில்லை, கூடுகிறது. ஆனால் கொஞ்சம்தான். ஏன் கொஞ்சம்? குறைந்த கூலிக்கும் பெரும்பாலானவர்கள் வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அரைக்கூலிக்கும் போனவர். அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாதவருக்கு 'வரமாட்டேன்' என்ற சொல்லே கிடையாது. பொருளியலில் இதை நெகிழ்ச்சி குறைவு என்பார்கள். அது நம் குணத்தின் அளவு அல்ல, நமக்கு மறுக்க வழி இருந்ததா என்பதன் அளவு.

நூறு நாள் வேலை கொடுத்தது அந்த மறுக்கும் வழியைத்தான். 2006இல் 200 மாவட்டங்களில் தொடங்கி 2008க்குள் நாடு முழுக்கப் போனது. முதலில் வந்த மாவட்டங்களையும் பிறகு வந்தவற்றையும் ஒப்பிட்ட இம்பெர்ட், பாப் இருவரும், வேலை குறைந்த மாதங்களில் தனியார் கூலி சுமார் 4.7% உயர்ந்ததாகக் கண்டார்கள். நிலக்காரரின் கோபம் சோம்பேறித்தனத்தின் மீது அல்ல, அந்த உயர்வின் மீது.

ஒடிசாவில் 502 கூலித் தொழிலாளர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு உண்டு. வேலையில்லாதவர்கள் தனியே கேட்டால் வழக்கமான கூலிக்குக் கீழேயும் ஒப்புக்கொண்டார்கள். மற்ற தொழிலாளர்கள் பார்க்கும்படி கேட்டால் மிக அரிதாகவே ஒப்புக்கொண்டார்கள். சங்கம் இல்லாமலே ஒருவருக்காக ஒருவர் நின்ற கூலி அது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததும் கூலி உயர்வு கேட்டு இப்படிச் சேர்ந்து நின்றதற்காகத்தான்.

அடுத்த பேச்சுவார்த்தையில் எழுந்து, "அந்தத் தாளில் நான் எழுதியது தப்பு" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. நிலக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. கூலிப் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஆய்வுக்குப் போகும் தம்பி, தங்கைகளே, கேள்வித்தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'வேலை கேட்டும் கிடைக்காத நாள் எத்தனை?' நம் மக்களைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எதிரில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கிறார். எழுதி முடித்ததும் முதலில் ஓர் அத்தையிடம் படித்துக் காட்டுங்கள்.