மகளுக்குச் சித்தாள்

எங்கள் வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய பழைய வீடு. இடையில் எப்போதோ முன்சுவருக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி, வருஷா வருஷம் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து விழும். பிரான்சிலிருந்து திரும்பிய மகள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நானே பூசுறேம்மா, நீ கூட நில்லு” என்றாள்.

அவள் போய்வந்தது ரம்பார் அமைப்பின் தொண்டர் முகாமுக்கு. 1966-ல் தொடங்கிய அமைப்பு. பழைய கோட்டைகளையும் தேவாலயங்களையும் தொண்டர்களைக் கொண்டே செப்பனிடுகிறது. கூலி கிடையாது. கூடாரத்தில் படுத்து, பகலெல்லாம் சுண்ணாம்புக் காரை குழைத்து, இடிந்த மதிலைக் கட்டியிருக்கிறாள்.

நான் வேலை பழகியது அவளிடமும், அவள் தேடிப் பிடித்த வயதான மேஸ்திரி ஒருவரிடமும். முதலில் சுண்ணாம்பு நீற்றுவது. சுட்ட கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டதும் கொதித்துப் புகையும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, தெறித்தால் கண் போய்விடும். அடங்கிய பிறகு மேலே தண்ணீர் நிற்கும்படி ஊறவிட்டால் வெண்ணெய் போலத் திரளும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறப்போட்டு, புளித்த வாடை வந்ததும் வடித்துக் காரையில் சேர்ப்பது மேஸ்திரியின் முறை. மகளுக்கே இது புதிது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கரணை எனக்கு லேசில் வசப்படவில்லை. காரையை அப்பக் கூடாது, மணிக்கட்டைச் சுழற்றி வீச வேண்டும். சுவரை முன்பே நன்றாக நனைத்திருந்தால்தான் பிடிக்கும். பிறகு மட்டப்பலகை, தேய்ப்பு, ஈரக் கோணி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விடும்.

நம் ஊர்க் கட்டட வேலையில் பெண் என்றால் சித்தாள்தான். ஆயுள் முழுக்கச் சட்டி சுமந்தாலும் கரணை கைக்கு வருவது அரிது, கொத்தனார் கூலியும் அப்படியே. எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர் என் மகளிடம் கரணையைக் கொடுத்து, வைத்த கல்லைப் பிரித்து மறுபடி வைக்கச் சொல்லிக் கற்றுத்தந்திருக்கிறார். சோறு போட்டுத் தொழிலும் கற்பித்து அனுப்பியவர்களுக்கு ஒரு தாயாக நான் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்டதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லித்தந்த மேஸ்திரிக்கும், கற்றதை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்த மகளுக்கும்.

கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. அது மறுபடி எழும்பி 2021-ல் திறக்கப்பட்டது. தெருவிலுள்ள வீடுகளை அப்படித் தூக்கி நிறுத்த யாரும் வரமாட்டார்கள். பழைய வீடு வைத்திருப்பவர்களே, சிமெண்ட் மூட்டை வாங்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். வேலை நடக்கும்போது உங்கள் வீட்டுப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தி, அவள் கையிலும் கரணையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.